நான்காம் இடத்தின் நியாயம்

2014 ஜனவரி 11 அன்று பாஸ்டன் நகரின் டிடி கார்டன் அரங்கில் அமெரிக்கப் பெண்களுக்கான தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி முடிந்தது. கிரேசி கோல்ட் 211.69 புள்ளிகளோடு முதலிடம். பதினைந்து வயது பொலினா எட்மண்ட்ஸ் 193.63 பெற்று இரண்டாமிடம். மூன்றாவது மிராய் நகாசு, 190.74. நான்காவது ஆஷ்லி வாக்னர், 182.74. அடுத்த மாதம் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். பெண்கள் பிரிவில் அமெரிக்காவுக்கு மூன்று இடங்கள். எண்ணத் தெரிந்த யாரும் அன்றிரவே அணியைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் தேர்வுக் குழு அறிவித்த பட்டியலில் கோல்ட் இருந்தார், எட்மண்ட்ஸ் இருந்தார், மூன்றாவதாக வாக்னர் இருந்தார். நகாசு மாற்று வீராங்கனை. அதாவது, யாருக்காவது காலில் அடிபட்டால் கூப்பிடுவோம் என்று அர்த்தம்.

பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த முடிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னமும் இரண்டு கட்சியாகத்தான் பிரிந்து நிற்கிறார்கள். வாக்னருக்குத் தகுதி இருந்தது என்று ஒரு கட்சி, நகாசுவுக்கு அநீதி நடந்தது என்று மறு கட்சி. இரண்டுமே உண்மை என்பதுதான் என் எண்ணம். ஆகவே யாருக்குத் தகுதி என்ற கேள்வியை நான் இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. ஒரு கலைஞரை அளப்பதற்கு ஓர் இரவு போதுமா, அல்லது அவருடைய மொத்தச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டுமா? அந்த இரண்டு அளவுகோல்களும் ஒரே மேசையில் கிடந்தால் என்ன ஆகும்?

முதலில் விதிகள். அமெரிக்கத் தடகளத்தில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி என்றால் கதை மிக எளிது. குறைந்தபட்சத் தகுதியை எட்டியவர்களில் முதல் மூன்று பேர் போவார்கள், நான்காவது ஆள் வீட்டுக்குப் போவார். 1992இல் டான் ஓ'பிரையன் டெகாத்லானில் உலக சாம்பியன். அவரையும் டேவ் ஜான்சனையும் வைத்து ரீபாக் நிறுவனம் நாடு முழுக்கப் பெரிய விளம்பரமே செய்துகொண்டிருந்தது. நியூ ஆர்லியன்ஸ் தேர்வுப் போட்டியில் கோலூன்றித் தாண்டுதலில் ஓ'பிரையன் எடுத்துக்கொண்ட முதல் உயரத்தையே மூன்று முறையும் தாண்டவில்லை. அவ்வளவுதான், பார்சிலோனா போச்சு. உலக சாம்பியன் ஆயிற்றே என்று யாரும் குழு கூட்டிப் பேசவில்லை. அவர் நான்கு வருடம் காத்திருந்து அட்லாண்டாவில் தங்கம் வாங்கினார்.

ஃபிகர் ஸ்கேட்டிங் அப்படி இல்லை. அங்கே தேசியப் போட்டி என்பது தேர்வுக் குழு பார்க்கும் பல விஷயங்களில் ஒன்று. முந்தைய உலகப் போட்டி, அந்தப் பருவத்தின் கிராண்ட் பிரீ இறுதிப்போட்டி என எல்லாவற்றையும் பார்க்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. இது முன்பே எழுதி வைக்கப்பட்ட விதி. 2014இல் யாரும் விதியை மீறவில்லை. இதை முதலில் ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

வாக்னர் தரப்பு வாதம் பலவீனமானது இல்லை. 2012, 2013 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். 2013 டிசம்பரில் ஃபுகுவோகாவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதிப்போட்டியில் வெண்கலம். இதைவிட முக்கியமாக, சோச்சிக்கான மூன்றாவது இடமே அவரும் கோல்டும் சேர்ந்து சம்பாதித்தது. முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் ஒரு நாட்டின் சிறந்த இரண்டு பேரின் இடங்களைக் கூட்டினால் 13க்குள் வர வேண்டும், அப்போதுதான் மூன்று பேரை அனுப்பலாம். 2013இல் வாக்னர் ஐந்தாவது, கோல்ட் ஆறாவது. கூட்டினால் பதினொன்று. நிலத்தை உழுது விதைத்தவருக்கு அறுவடை நாளன்று காய்ச்சல் வந்தால், களத்துப் பக்கமே வராதே என்று சொல்லிவிடலாமா? உணர்ச்சியாகப் பார்த்தால் இந்த வாதம் என்னையும் தொடுகிறது.

இதில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 2010இல் வான்கூவர் ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்காவுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அந்த ஆண்டு தேசியப் போட்டியில் ரேச்சல் ஃப்ளாட் முதலிடம், நகாசு இரண்டாமிடம், வாக்னர் மூன்றாமிடம். வாக்னர் வீட்டில் இருந்தார். பதினாறு வயது நகாசு வான்கூவர் போய் நான்காவதாக வந்தார். வாக்னர் தன்னைத்தானே ‘ஏறக்குறைய வந்துவிட்ட பெண்’ என்று சொல்லிக்கொண்ட காலம் அது. அந்தப் பெயரை அழிக்கத்தான் அவர் அடுத்த நான்கு வருடங்கள் உழைத்தார், அழித்தும் காட்டினார்.

நகாசுவின் வரலாறு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. பதினான்கு வயதில், 2008இலேயே தேசிய சாம்பியன். வான்கூவருக்குப் பிறகு சரிவு. 2012இல் ஏழாமிடம், 2013இல் மறுபடி ஏழாமிடம். ‘மொத்தச் செயல்பாடு’ என்ற தராசில் போட்டால் அந்த நான்கு ஆண்டுகளில் வாக்னரின் தட்டுதான் தாழும். சந்தேகமே வேண்டாம்.

சரி, அப்படியானால் குழு செய்தது நியாயம்தானே என்று கேட்கலாம். இங்கேதான் பொலினா எட்மண்ட்ஸ் வருகிறார். எட்மண்ட்ஸ் அதுவரை பெரியவர்கள் பிரிவில் ஒரே ஒரு சர்வதேசப் போட்டியில்கூட ஆடியதில்லை. அவருக்கு மொத்தச் செயல்பாடு என்று காட்ட அந்தப் பிரிவில் எதுவுமே கிடையாது. அவரிடம் இருந்தது பாஸ்டனில் ஆடிய இரண்டு ஆட்டங்கள் மட்டும். அவை அருமையான ஆட்டங்கள், அவற்றின் பேரில் அவரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த அளவுகோல் எது? அந்த ஓர் இரவுதான். வாக்னரைத் தேர்ந்தெடுத்த அளவுகோல் எது? அந்த இரவைத் தவிர மற்ற எல்லா இரவுகளும்.

இரவுதான் அளவு என்றால் நகாசு போக வேண்டும், மூன்றாமிடம். அனுபவம்தான் அளவு என்றால் எட்மண்ட்ஸைவிட, ஒலிம்பிக்ஸில் ஏற்கெனவே நான்காவதாக வந்த நகாசுவுக்கு முன்னுரிமை உண்டு. எந்த ஓர் அளவுகோலை எடுத்து மூன்று பேருக்கும் ஒரேபோலப் பிடித்தாலும் நகாசு அணிக்குள் வந்துவிடுகிறார். ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு வேறொன்று என்று மாற்றிப் பிடித்தால் மட்டும்தான் அவர் வெளியே விழுகிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? குழு மீது எனக்குள்ள விமர்சனம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வாக்னரை எடுத்தது தவறு என்று நான் வாதாட வரவில்லை. எந்தக் காரணம் சொல்லி எடுத்தார்களோ, அதே காரணத்தைப் பக்கத்து நாற்காலிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

ஒரு விமர்சகனாக நான் ஆட்டங்களுக்குத் திரும்ப வேண்டும். வாக்னர் அன்று ஆடியது ப்ரகோஃபீவின் ரோமியோ ஜூலியட் இசைக்கு. இரண்டு முறை விழுந்தார். விழுவது இந்தக் கலையில் சாதாரணம், அது மட்டும் ஓர் ஆட்டத்தைக் கெடுத்துவிடாது. விழுந்து எழுந்தவர் மறுபடி இசைக்குள் நுழைகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாக்னரின் பலமே அவருடைய முகமும் தோள்களும். இசை ஒரு வாக்கியம் பேசினால் அவர் உடல் அதற்குப் பதில் பேசும். அன்று இரண்டாவது முறை விழுந்த பிறகு அந்த உரையாடல் அறுந்துவிட்டது. மீதி நேரம் நான் பார்த்தது ஜூலியட்டை இல்லை, தன் நான்கு வருடங்கள் கையைவிட்டு நழுவுவதைக் கணக்குப் போட்டுக்கொண்டே ஆடும் ஒருவரை. அது மனதைப் பிசைகிறது. ஆனால் ஜூலியட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது போலும். அணியில் இடம் கிடைத்ததும் அந்த ஆட்டத்தையே கைவிட்டு, முந்தைய பருவத்தில் ஆடிய சாம்சன் அண்ட் டெலைலாவுக்குத் திரும்பினார். எந்தப் படைப்போடு தேர்வுக்கு வந்தாரோ அந்தப் படைப்பை சோச்சிக்கு எடுத்துப்போகவில்லை.

நகாசுவின் ஆட்டம் பெரிய கலைப்படைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் பாண்ட் பட இசை, கொஞ்சம் பழகிப்போன சங்கதி. அவருடைய சுழற்சிகளில் எப்போதும் இருக்கும் அழகு அன்றும் இருந்தது. பின்னால் வளைந்து, ஒரு காலைத் தலைக்கு மேலே பிடித்துச் சுழலும்போது அவர் உடல் ஒரு நீர்த்துளி போலக் குவியும், வேகமும் குறையாது. விழவில்லை. நான்கு வருடச் சரிவிலிருந்து ஒருவர் படி படியாக ஏறி வருவதை அந்த நான்கு நிமிடங்களில் பார்க்க முடிந்தது. முடிந்ததும் அரங்கம் எழுந்தது.

இருவருக்கும் இடையே எட்டுப் புள்ளி வித்தியாசம். இந்த விளையாட்டின் மதிப்பெண் முறை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். மதிப்பெண்ணில் பாதி தொழில்நுட்பம். ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு உண்டு, செய்த தரத்தைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். மறு பாதியில் அப்போது ஐந்து கூறுகள் இருந்தன: ஸ்கேட்டிங் திறன், இணைப்பசைவுகள், நிகழ்த்துகை, நடன அமைப்பு, இசையை உள்வாங்கிய விதம். இந்த மறு பாதி நடுவர்களின் ரசனை சார்ந்தது, ஆகவே பெயரும் புகழும் ஏற்கெனவே இதற்குள் புகுந்துவிடும். பழைய சாம்பியன் தடுமாறினாலும் கூறுகளின் மதிப்பெண் ஒரேயடியாகச் சரிந்துவிடாது. அதாவது ஒருவருடைய கடந்தகாலத்துக்கான மரியாதை அந்த 182.74க்குள்ளேயே கொஞ்சம் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். குழு அதே கடந்தகாலத்தை இரண்டாம் முறை எடுத்து வைத்தது.

இதற்கு முன்னும் இடம் மாறியிருக்கிறது. 1994இல் டெட்ராய்ட்டில் நான்சி கெரிகனை முழங்காலுக்கு மேல் அடித்து வீழ்த்தினார்கள். அவரால் போட்டியிடவே முடியவில்லை. டோன்யா ஹார்டிங் முதலிடம், பதின்மூன்று வயது மிஷெல் குவான் இரண்டாமிடம். குவானின் இடம் கெரிகனுக்குப் போனது. 2006இல் அதே குவான் காயத்தால் தேசியப் போட்டிக்கு வர முடியாமல் மனு போட்டார். ஒரு சிறு குழு முன்னால் ஆடிக் காட்டினார், இடம் கிடைத்தது. மூன்றாவதாக வந்த எமிலி ஹியூஸ் வெளியே நின்றார். டூரின் போன பிறகு குவான் விலக, ஹியூஸ் கடைசி நேரத்தில் போய் ஏழாவதாக வந்தார். இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. சலுகை பெற்றவர் தேசியப் போட்டியில் ஆடவே இல்லை. அவருக்கு அந்த இரவு மறுக்கப்பட்டது, ஆகவே வேறு இரவுகளைப் பார்த்தார்கள். வாக்னருக்கு அந்த இரவு கிடைத்தது. முழுசாக, ஆரோக்கியமாக, எல்லோருக்கும் கிடைத்த அதே பனியில்.

ரஷ்யர்கள் அதே பருவத்தில் இன்னும் வெளிப்படையாக ஒரு காரியம் செய்தார்கள். ஆண்கள் பிரிவில் அவர்களுக்கு ஒரே இடம். தேசியப் போட்டியில் மாக்சிம் கொவ்துன் முதலிடம், யெவ்கேனி பிளஷெங்கோ இரண்டாமிடம். பிறகு பிளஷெங்கோவை மூடிய அரங்கில் ஆட வைத்துப் பார்த்து அவரையே அனுப்பினார்கள். அணிப் போட்டியில் ஆடினார், தங்கமும் வந்தது. தனிநபர் போட்டியன்று பயிற்சியின்போதே முதுகைப் பிடித்துக்கொண்டு விலகிவிட்டார். ரஷ்யாவுக்கு அந்தப் போட்டியில் ஆளே இல்லை. பெயரை நம்புவது என்பது சில சமயம் கைகொடுக்கும், சில சமயம் நட்டாற்றில் விடும். இரவை நம்புவதும் அப்படித்தான். இரண்டில் எது புத்திசாலித்தனம் என்று முடிவை வைத்துச் சொல்வது சூதாட்டக்காரனின் தர்க்கம். நான் அதற்குள் போகவில்லை.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. சோச்சிக்குப் போன மூவரும் வெள்ளையர்கள், பொன்முடிக்காரர்கள். வெளியே நின்றவர் கலிஃபோர்னியாவில் சுஷி உணவகம் நடத்தும் ஜப்பானியக் குடியேறிகளின் மகள். வாக்னர் அப்போதே ஒலிம்பிக் விளம்பரங்களில் வந்துகொண்டிருந்தார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து அன்றே பலர் கேள்வி எழுப்பினார்கள். குழுவில் இருந்தவர்களின் மனதுக்குள் என்ன ஓடியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1998இல் நகானோவில் தாரா லிபின்ஸ்கி தங்கம் வென்றபோது எம்எஸ்என்பிசி போட்ட தலைப்பு ‘அமெரிக்கப் பெண் குவானை வென்றார்’ என்ற பொருளில் இருந்தது. குவான் பிறந்தது கலிஃபோர்னியாவில். அந்தத் தலைப்பைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை 2014இன் பட்டியலைப் பார்த்தது. அளவுகோல் ஒன்றாக இருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பதிலாவது இருந்திருக்கும். ஆளுக்கொரு அளவுகோல் வைத்துவிட்டு, எங்களைச் சந்தேகப்படாதீர்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

நகாசு அன்று என்ன செய்தார்? முடிவில் தனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் அதை மதிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். மாலையில் நிறைவு நிகழ்ச்சியில் ஆடினார். கண்ணீரோடு ஆடினார், மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. அதே மாதம் அணியில் இடம் கிடைக்காத இன்னொருவர் ஆடம் ரிப்பன். நாங்கள் இருவரும் அவள் வீட்டுக் கூரை மேலே உட்கார்ந்து பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று பின்னாளில் அவர் எழுதினார். எனக்கு அந்த நிறைவு நிகழ்ச்சிக் கைதட்டலைவிட இந்தக் கூரைக் காட்சி நெருக்கமாக இருக்கிறது.

பிறகு அவர் கொலராடோ போய், டாம் ஸக்ராய்செக் என்ற பயிற்சியாளரிடம் டிரிபிள் ஆக்சல் கற்றுக்கொண்டார். மற்ற தாவல்கள் பின்னோக்கிப் போகும்போது எழும்புபவை. ஆக்சல் மட்டும் முன்னோக்கி எழும்பும், ஆகவே அரைச் சுற்று கூடுதல். மூன்றரைச் சுற்று. அதுவரை போட்டியில் அதைச் செய்திருந்த அமெரிக்கப் பெண்கள் இருவர்தான், 1991இல் டோன்யா ஹார்டிங், 2005இல் கிம்மி மைஸ்னர். இருபது வயதுக்கு மேல் ஒரு பெண் இதைப் புதிதாகக் கற்பது இந்த விளையாட்டில் மிக அரிது. இதை மன உறுதியின் கதையாக எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு விமர்சனமும் தெரிகிறது. அபிப்பிராயத்தால் விலக்கப்பட்டவர், அபிப்பிராயம் குறைவாகச் செல்லுபடியாகும் இடத்தைத் தேடிப் போனார். சுழற்சியின் அழகை ஒரு நடுவர் ரசிக்கலாம், ரசிக்காமலும் போகலாம். மூன்றரைச் சுற்று முடிந்ததா இல்லையா என்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்து எண்ணிவிடலாம்.

2018 தேசியப் போட்டி சான் ஹோசேயில். பிரேடி டெனல் முதலிடம், நகாசு இரண்டாமிடம், கேரன் சென் மூன்றாமிடம். நான்காவது யார் தெரியுமா? ஆஷ்லி வாக்னர். இந்த முறை குழு முதல் மூவரையே எடுத்தது. வாக்னர் தன் கூறுகளின் மதிப்பெண்கள் மீது கடுங்கோபத்தில் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அவரை எள்ளி நகையாடியவர்கள் நிறைய. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அன்று அவர் கேட்டதும் 2014இல் நகாசுவுக்காக மற்றவர்கள் கேட்ட கேள்விதான்: எதை வைத்து என்னை அளந்தீர்கள்?

பிப்ரவரி 12 அன்று பியாங்சாங் அணிப் போட்டியில் நகாசு அந்தத் தாவலைச் செய்தார். ஒலிம்பிக்ஸில் டிரிபிள் ஆக்சல் செய்த முதல் அமெரிக்கப் பெண். அவருக்கு முன் மிதோரி இதோ, மாவோ அசாதா என்று இரண்டே பேர். அணிக்கு வெண்கலம். அதே அணியில் ரிப்பனும் இருந்தார். தனிநபர் போட்டியில் அதே தாவல் கைகூடவில்லை, பத்தாம் இடம். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இது புராணமாகிவிடும்.

வாக்னருக்கும் ஒரு நாள் வந்தது. சோச்சியில் ஏழாமிடமும் அணி வெண்கலமும். ஆனால் 2016இல் உலகப் போட்டி பாஸ்டனுக்கே வந்தது, அதே டிடி கார்டனுக்கு. மூலான் ரூஜ் இசைக்கு ஆடி வெள்ளி வென்றார். பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அமெரிக்கப் பெண்ணுக்குக் கிடைத்த உலகப் பதக்கம். அந்த ஆட்டத்தில் இசையும் உடலும் ஒரு நொடிகூடப் பிரியவில்லை. அவர் மீது குழு வைத்த நம்பிக்கை பொய்யில்லை என்று அன்று நிரூபணமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த வெள்ளியை யாரும் கூட்டம் போட்டு அவருக்குத் தரவில்லை. நான்கு நிமிடம் ஆடினார், அந்த நான்கு நிமிடத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் முன்பு அதே கட்டிடத்தில், அதே போன்ற நான்கு நிமிடம் ஆடி முடித்த இன்னொருவருக்கு அந்த எளிய மரியாதையைக் கொடுத்திருக்கலாம்.